யப்பானுக்குப் போன அரிவரி

நீர்வேலியில் பின்னேரம் நாலு மணிக்கு மேல் கேட்கும் சத்தங்கள் எனக்கு மனப்பாடம். கந்தசுவாமி கோயில் மணி, வாழைக்கு இறைக்கிற மோட்டர், பருத்தித்துறை வீதியில் ஓடும் மினிபஸ்சின் ஹோர்ண். இந்த வருசம் அவற்றோடு இன்னொன்று சேர்ந்திருக்கிறது. பக்கத்து வளவு விறாந்தையில் மருமகன்முறைப் பொடியன் ஒருவன் இருந்து யப்பான் மொழி பாடமாக்குகிறான்.

2019 இல் இலங்கையும் யப்பானும் வேலையாட்கள் தொடர்பாக ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதற்குப் பிறகு அந்தப் பாஷையைப் படிக்கும் பொடியள் பெருகிவிட்டார்கள். இவனும் மோட்டர் திருத்துகிற வேலை படித்துவிட்டு, கிழமையில் மூன்று நாள் யாழ்ப்பாணம் ரவுணுக்கு வகுப்புக்குப் போய்வருகிறான். ஒரு நாள் படலையைத் திறந்துகொண்டு வந்தவன், மட்டைப் பேப்பரில் அச்சடித்த ஓர் அட்டவணையை என் மடியில் போட்டான்.

"மாமா, இதை முழுக்கப் பாடமாக்கினால்தான் மிச்சம் படிப்பிப்பினமாம். நாற்பத்தாறு எழுத்து. ஒண்டைப் பிடிச்சால் மற்றது நழுவுது."

எழுத்துகள் எனக்கும் நண்டுக்கால் கிறுக்கல்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே அவன் பென்சிலால் தமிழில் ஒலியை எழுதிவைத்திருந்தான். முதல் வரியில் அ, இ, உ, எ, ஒ. அடுத்த வரியில் க, கி, கு, கெ, கொ. அதன் பிறகு ச. பிறகு த. ந. ஹ. ம. ய. ர. வ. கடைசியில் எந்த வரியிலும் சேராமல் தனியே ஒரு 'ன்'.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், இதை நீ அஞ்சு வயசிலேயே பாடமாக்கிப் போட்டாய். இது எங்கட அரிவரி."

அவன் நம்பவில்லை. ஒரு தாளில் நம்முடைய மெய்வரிசையை எழுதச் சொன்னேன். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. இதில் யப்பானியர் தனி வரிசை கொடுக்காத ஒலிகளை ஒவ்வொன்றாக வெட்டச் சொன்னேன். ங போனது, ஞ போனது, ட-வும் ண-வும் போயின, ல, ழ, ள, ற, ன எல்லாம் போயின. மிஞ்சியவை க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. உயிரிலே நெடிலையும் ஐ, ஔ இரண்டையும் எடுத்துவிட்டால் அ, இ, உ, எ, ஒ. அவனுடைய அட்டவணையில் ப இருக்கவேண்டிய இடத்தில் ஹ இருந்தது. மற்றதெல்லாம் அச்சொட்டு.

"அப்ப ஆரைப் பார்த்து ஆர் எழுதினது, மாமா?" என்றான். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சை எடுத்தவுடன் யாராவது சுசுமு ஓனோவின் பெயரைச் சொல்லுவார்கள். கக்குசுயின் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஓனோ (1919–2008) தமிழும் யப்பானிய மொழியும் உறவுள்ளவை என்று பல வருடம் வாதிட்டவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். உலகத்து மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. நான் சொல்லவந்த கதைக்கு அந்த வழக்குத் தேவையுமில்லை. மொழி உறவு வேறு, எழுத்தை அடுக்கிய ஒழுங்கு வேறு. இந்த ஒழுங்கு எந்த வழியாக, யார் கைகளில், என்ன ஏட்டில் போனது என்பதற்குப் பேரும் ஆண்டும் உண்டு.

கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு க என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து ச, ட, த, ப. நாக்கின் அடியில் தொடங்கிய ஒலி அண்ணத்தைத் தடவி, பல்லைத் தொட்டு, உதட்டில் வந்து முடியும். தொல்காப்பியத்துப் பிறப்பியல் சொல்லுவது இந்த நடையைத்தான். வடமொழி இலக்கணக்காரரும் இதையே சொன்னார்கள். வாயின் உள்ளிருந்து வெளியே வருகிற வழியைக் கணக்கெடுத்து எழுத்துகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஆங்கிலத்து ஏபிசிடியில் இப்படி ஒரு காரணமும் கிடையாது. ஏ-க்குப் பிறகு ஏன் பி என்று எந்த வாத்தியாரையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒழுங்கு வாயில் பிறந்தது. உருவத்தின் கதை வேறு. அசோகன் காலத்துப் பிராமியில் க ஒரு கூட்டல் குறி. நிமிர்ந்த கோடு ஒன்று, குறுக்கே ஒன்று, அவ்வளவே. எங்கள் குடாநாட்டிலும் அந்தக் க கிடைத்திருக்கிறது. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலத்துப் புதைகுழிகளைத் தோண்டியது. அதிலொன்றில் அகப்பட்ட சிறிய முத்திரையில் இரண்டு வரி. மேல்வரியில் படக்குறிகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். 'கோவேத' என்று படிக்கிறார்கள். நீர்வேலியிலிருந்து சைக்கிளில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக மண்ணுக்குள் கிடந்தது அந்தக் கூட்டல் குறி.

கல்லில் வெட்டும்போது கூட்டல் குறி சுகம். கை எடுக்காமல் எழுதத் தொடங்கினால் கோடு வளையும். கூட்டலின் இடது கை சுருண்டு வளையமாயிற்று, வலது கை நீண்டு கீழே வளைந்து வாலாயிற்று. தமிழ் க-வையும் இந்திப் படப் பெயர்களில் பார்க்கிற க-வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இரண்டுக்கும் இடப்பக்கம் ஒரு வளையம், வலப்பக்கம் ஒரு வால். ஒரே தாயின் பிள்ளைகள், தெற்கிலும் வடக்கிலும் வளர்ந்தவர்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஓர் ஏட்டுக்கட்டு இருக்கிறது. அப்புவின் வைத்திய ஏடு. கறையான் ஒரு மூலையை எடுத்துவிட்டது. மிச்சத்தில் கை வைக்க எனக்குப் பயம். கூடவே ஒரு எழுத்தாணியும் உண்டு, ஒரு முனை ஊசி, மறுமுனை ஓலை நறுக்குகிற சின்னக் கத்தி. பொடியன் அதைத்தான் முதலில் தூக்கினான். "இதாலயா எழுதினவை?"

எழுதினார்கள் என்பதைவிடக் கீறினார்கள் என்று சொல்லலாம். முற்றாத பனையோலையை எடுத்து ஈர்க்கு நீக்கி, தண்ணீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து மழமழப்பாக்கி, ஒரே அளவில் நறுக்கித் துளையிட்டு நூல் கோப்பார்கள். எழுதும்போது எழுத்தாணி பிடித்த வலக்கை அதிகம் நகராது. இடக்கைப் பெருவிரல் அதை முட்டுக்கொடுத்துத் தள்ளும், ஓலைதான் நகர்ந்துகொண்டே போகும். கீறி முடித்த ஓலையில் ஒன்றும் தெரியாது. விளக்குக் கரியும் மஞ்சளும் குழைத்துத் தேய்த்துத் துணியால் துடைத்தால் கீறலுக்குள் கரி நின்றுகொள்ளும், எழுத்துக் கண் திறக்கும்.

ஓலையில் நேர்கோடு கீறினால் நார் வழியே கிழிந்துபோகும், அதனால்தான் எழுத்தெல்லாம் வட்டமாயின என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். சிங்கள எழுத்தைப் பார்த்தால் சரிதான் போலிருக்கும். ஆனால் ட-வையும் ப-வையும் பாருங்கள். நார் போகிற திசையிலேயே கிடைக்கோடு கிடக்கிறது, ஓலையும் கிழியவில்லை. பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளலாம். புள்ளியைப் பற்றிச் சொல்லுவதை மட்டும் நான் முழுதாக நம்புகிறேன். எழுத்தாணி முனையைக் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று ஏடு எழுதினவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்பதைப் படிக்கிறவன்தான் ஊகிக்கவேண்டும்.

எழுத்து வெளியூர் போனது இப்படி ஓலையில் ஏறித்தான். பாதை நேராக இல்லை, அதில் பல ஆட்கள். எனக்குப் பிடித்த ஒருவரை மட்டும் முன்னே நிறுத்துகிறேன்.

பிரஞ்ஞாபோதி என்ற துறவி. தென்னிந்தியர். 8 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், தாரணி மந்திரங்கள் எழுதிய ஏட்டுக்கட்டைச் சுமந்துகொண்டு தென்கடல் வழியாகச் சீனம் போய், வூதாய் மலை வரைக்கும் ஏறியவர். அவரிடம் எழுத்துப் படித்தார் சிகுவாங் என்ற சீனத் துறவி. படித்ததை ஒரு சிறு கைநூலாக எழுதிவைத்தார். அதன் பெயர் 'சித்த எழுத்துக் குறிப்பு' என்ற பொருளில் வரும். அந்த நூலின் முகப்பில் சிகுவாங் ஒரு செய்தி சொல்லுகிறார். தென்னாட்டார் தங்கள் எழுத்தை மகேசுவரனிடமிருந்து வழிவழியாகப் பெற்றதாகச் சொல்லுகிறார்களாம், தான் கற்றது அதுவேயாம்.

ஒரு புத்த பிக்கு சீனத்து மலையில் உட்கார்ந்து, எழுத்துச் சிவனிடமிருந்து வந்தது என்று பாடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் சைவர் எழும்பிநின்று கைதட்டுவதற்கு முன் ஒன்றையும் சொல்லவேண்டும். அவர் கற்பித்த எழுத்துருவம் தமிழுமில்லை, கிரந்தமுமில்லை. வடக்கே குப்தர் எழுத்திலிருந்து வளர்ந்த சித்த எழுத்து. அண்ணன் வீட்டுப் பிள்ளையைத் தம்பி வீட்டு ஆள் கூட்டிக்கொண்டு போனமாதிரி.

அந்த எழுத்துக்கு ஏன் 'சித்தம்' என்று பெயர்? கதையில் எனக்கு மிகவும் ருசித்த இடம் இது. பிள்ளைக்கு எழுத்துத் தொடக்கும்போது, எடுத்த காரியம் சித்தியாகட்டும் என்று வாழ்த்தி 'சித்தம்' என்ற சொல்லை முதலில் எழுதுவது பழைய இந்திய வழக்கம். 7 ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி இத்சிங், பிள்ளைகள் ஆறு வயதில் இந்தச் சித்தப் பாடத்தைத் தொடங்கி ஆறு மாதத்தில் முடிப்பார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். முதற் சொல்லே பாடத்துக்குப் பேராயிற்று, பாடத்தின் பேரே எழுத்துக்கும் ஆயிற்று. யப்பானியர் அதை 'ஷித்தான்' என்பார்கள்.

இப்போது எங்கள் திண்ணைப் பள்ளிக்கு வாருங்கள். தமிழ்ச் சட்டம்பியார் ஏடு தொடக்கும்போது முதலில் சொல்லிக்கொடுத்த வாழ்த்து 'அரி நமோத்து சிந்தம்'. அரியைக் கும்பிட்டுத் தொடங்குகிறோம், சித்தியாகட்டும் என்பது. அந்தச் சிந்தம், சித்தம் என்பது மூக்கில் ஏறியது. அந்த அரியிலிருந்துதான் அரிச்சுவடியும் அரிவரியும் வந்தன என்பார்கள் அகராதிக்காரர். யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் பள்ளிக்கூடத்து முதற்படிக்கு அரிவரி வகுப்பு என்றே பெயர். ஒரே வாழ்த்து. தலைப்பாதி இங்கே நின்று அரிவரியாயிற்று, வால்பாதி கடல் தாண்டி ஷித்தான் ஆயிற்று.

இலங்கைக்கும் இந்தப் பயணத்தில் ஒரு துறை உண்டு. தென்னாட்டிலிருந்து சீனம் போன வச்சிரபோதி என்ற துறவி போகிற வழியில் இலங்கையிலும் தங்கியவர். அவருடைய சீடர் அமோகவச்சிரர், ஆசிரியர் 741 இல் காலமான பின் கப்பலேறி இலங்கைக்கு வந்து, நூல்களைத் தேடிக் கட்டிக்கொண்டு 746 இல் சீனத்துத் தலைநகரான சாங்கானுக்குத் திரும்பினார். அவருடைய சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவைத் தேடிக்கொண்டு 805 இல் ஒரு யப்பானிய இளைஞர் வந்து சேர்ந்தார். அவர்தான் கூகாய்.

கூகாயை (774–835) விட்டுவிட்டு யப்பானிய எழுத்துக்கலையைப் பேசமுடியாது. தூரிகையில் கைதேர்ந்த மூவர் என்று யப்பானியர் கொண்டாடும் மூன்று பேரில் அவர் ஒருவர், மற்ற இருவர் சக்கரவர்த்தி சாகாவும் தாச்சிபானா நோ ஹயநாரியும். 804 இல் யப்பானிலிருந்து புறப்பட்ட நாலு கப்பலில் இரண்டுதான் சீனக் கரையைத் தொட்டன, அதிலொன்றில் கூகாய் இருந்தார். கப்பல் திசைமாறித் தெற்கே ஒதுங்கியது. சாங்கானில் பிரஞ்ஞர் என்ற இந்தியத் துறவியிடம் சமஸ்கிருதம் படித்தார், ஹுய்குவோவிடம் மந்திரநெறி படித்தார். இருபது வருடம் நிற்கவேண்டிய மாணவர் இரண்டே வருடத்தில், 806 இல், ஊர் திரும்பிவிட்டார். கொண்டுவந்தவற்றுக்குக் கணக்கு எழுதி அரசவைக்குக் கொடுத்தார். அதில் சித்த எழுத்தில் அமைந்தவை மட்டும் 42 நூல், 44 சுருள். சிகுவாங்கின் கைநூலும் அந்தக் காலத்திலேயே யப்பானுக்கு வந்து சேர்ந்து, அங்கே சித்த எழுத்துக்கு அரிச்சுவடியாயிற்று.

சீனத்துக்குப் போனது ஏடு, யப்பானுக்குப் போனது சுருள் என்பதைக் கவனிக்கவேண்டும். இடையில் ஓலை கடதாசியாகிவிட்டது, எழுத்தாணியின் வேலை தூரிகைக்குப் போய்விட்டது.

ஆனால் ஓலையே நேராகப் போய்ச் சேர்ந்ததும் உண்டு. நாராவின் ஹோரியூஜி கோயிலில் வெகுகாலம் பாதுகாத்து, இப்போது டோக்கியோ தேசிய நூதனசாலையில் வைத்திருக்கிற இரண்டு ஓலைகள். ஒரு சாண் நீளத்தைவிடச் சற்றே கூட. மையால் எழுதியது. புத்த சூத்திரமும் தாரணியும் எழுதிய பிறகு, கடைசியில் மிஞ்சிய இடத்தில் எழுதியவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? அரிவரி. உயிரிலிருந்து தொடங்கி வரிசையாக எழுத்துகள். கோயில் மரபு அந்த ஓலைக்கு 609 என்ற ஆண்டைச் சொல்லும், ஆராய்ந்தவர்கள் அதைவிடப் பிந்தியது என்பார்கள். 1884 இல் ஒக்ஸ்போர்டில் மாக்ஸ் முல்லரும் அவரிடம் படித்த யப்பானிய பிக்கு நஞ்சோ புன்யூவும் அதை அச்சிட்டார்கள். வேலை முடித்த கை, இடம் மிஞ்சியதே என்று எழுத்துகளை ஒருமுறை எழுதிப் பார்த்திருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஓலையின் நினைவும் அங்கே தங்கிவிட்டது. இலை என்ற பொருளுள்ள 'பத்ர' என்ற வடசொல்லும் ஏட்டோடு சேர்ந்து போயிற்று. யப்பானில் பனை இல்லை. இலையின் அடிப்பக்கத்தில் குச்சியால் கீறினால் கொஞ்ச நேரத்தில் கீறல் கறுத்துவருகிற ஒரு மரம் அவர்களிடம் இருந்தது. அதற்குப் புத்த ஏட்டின் பெயரையே சுருக்கித் 'தராயோ' என்று வைத்தார்கள். 1997 இல் அதைத் தபால் துறை தன்னுடைய மரமாக்கிக்கொண்டது, தபாலட்டைக்கு அவர்கள் சொல்லும் 'ஹகாகி' என்ற சொல்லை எழுதும்போது 'இலை எழுத்து' என்று வருவதனால். நாங்கள் கடிதத்தை ஓலை என்றோம், அவர்களும் இலையில் வந்து நிற்கிறார்கள்.

தூரிகையைப் பற்றி ஒன்று. 736 இல் போதிசேனர் என்ற துறவி நாராவுக்கு வந்தார். யப்பானிய ஏடுகள் அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்கின்றன. 752 இல் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் அவர்தான். எங்கள் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்கு முன் ஆசாரியார் உளி கொண்டு விக்கிரகத்துக்குக் கண் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மை தோய்த்த தூரிகையால் திறந்தார்கள். தூரிகையில் நீளமான நீல நூல் கட்டி அதன் மறுமுனையை வந்திருந்தவர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், எல்லாருக்கும் புண்ணியத்தில் பங்கு. அந்தத் தூரிகையும் நூலும் ஷோசோயின் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன. 1185 இல் புத்தர் சிலையைத் திருத்தி எழுப்பியபோது அதே தூரிகையை வெளியில் எடுத்து மறுபடியும் கண் திறந்தார்கள். தமிழில் எழுதுதல் என்றால் எழுத்து எழுதுவதும்தான், ஓவியம் எழுதுவதும்தான், கண்ணுக்கு மை எழுதுவதும்தான். யப்பான் மொழியிலும் எழுதுவதற்கும் வரைவதற்கும் வாயில் ஒரே சொல், 'ககு'. கீறுவதற்கும் அதே சத்தம்.

இவ்வளவும் நடக்க முன்னரே யப்பானியர் எழுதத் தெரிந்தவர்கள். எழுத்து சீனத்திலிருந்து வந்தது. சீன எழுத்தும் கீறலில் பிறந்ததுதான், ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் கத்தியால் கீறிக் குறிகேட்ட பழைய துண்டுகள் 1899 இல் அறிஞர் கண்ணில் பட்டன. அந்தச் சீன எழுத்தை ஒலிக்காக மட்டும் எடுத்து, தூரிகையால் வேகமாக எழுதி எழுதித் தேய்த்து, 9 ஆம் நூற்றாண்டளவில் தங்களுக்கென்று ககர, சகர எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே பொடியனின் அட்டவணையில் இருக்கும் க-வின் உடம்பு சீனத்து உடம்பு. யப்பானியரின் இரண்டாவது வகை எழுத்தில் வருகிற க-வைக் காட்டி, "மாமா, இது எங்கட க மாதிரியே கிடக்கு" என்றான். உண்மைதான், பார்த்தவுடன் கண் ஏமாறும். அது ஒரு சீன எழுத்தின் இடப்பாதி, வேறொன்றுமில்லை. தற்செயலைப் பிடித்துக்கொண்டு வம்சாவளி எழுதுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் போதுமான அளவு இருக்கிறார்கள்.

உடம்பு சீனம், அடுக்கு இந்தியம். மந்திரத்தைப் பிழையில்லாமல் உச்சரிக்கச் சித்த எழுத்துப் படித்த பிக்குகள், அந்த அடுக்கிலேயே தங்கள் ஒலிகளையும் வைத்துப் பார்த்தார்கள். 11 ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துகளில் அதன் முதல் உருவம் கிடைக்கிறது. உடனே நிலைக்கவில்லை, வரிகள் முன்னும் பின்னுமாகப் பல நூற்றாண்டு ஆடின. 17 ஆம் நூற்றாண்டில் கெய்சூ (1640–1701) என்ற மொழியறிஞர் அதை ஒழுங்காக விளக்கினார், அவர் கூகாயின் நெறியைச் சேர்ந்த பிக்கு. ஒ-வும் வொ-வும் இடம் மாறிக் கிடந்ததை நோரினாகா என்ற அறிஞர் 18 ஆம் நூற்றாண்டில் நேராக்கினார்.

அதுவரைக்கும் பொதுசனம் இதைச் சட்டை செய்யவில்லை. அவர்களுக்கு 'இரோஹா' என்ற பாட்டு இருந்தது, ஒவ்வோர் எழுத்தும் ஒரேயொரு தரம் வருகிறமாதிரிக் கட்டிய பாட்டு. அதைக் கூகாய் பாடினார் என்பது கேள்வி, ஆய்வாளர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கடைக் கணக்கு, வீட்டு இலக்கம், அகராதி எல்லாம் அந்தப் பாட்டு வரிசையில்தான். 1889 முதல் 1891 வரை ஓட்சுகி புமிஹிகோ தன் 'கெங்காய்' அகராதியைப் பிக்குகளின் அடுக்கில் வெளியிட்டபோது, பெரிய மனிதரான புகுசாவா யுகிச்சிக்கு முகம் சுருங்கியதாம். நாடகக் கொட்டகையில் செருப்புக்குக் கொடுக்கிற சீட்டே இரோஹா வரிசையில்தானே இருக்கிறது என்றாராம். செருப்புச் சீட்டு தோற்றது, பள்ளிக்கூடம் வென்றது. இன்றைக்கு யப்பானியப் பிள்ளை அரிவரியில் படிப்பது க, ச, த, ந.

சித்த எழுத்துக்கு அங்கே வேறு வாழ்வு கிடைத்தது. இந்தியாவில் அந்த எழுத்துருவம் வழக்கொழிந்து ஆயிரம் வருடமாகிறது. யப்பானில் சுடலைகளில் கல்லறைக்குப் பின்னே நிறுத்துகிற நீளப் பலகைகளில் இன்றும் அதைத் தூரிகையால் எழுதுகிறார்கள். ஒரு தெய்வத்துக்கு ஓரெழுத்து. தட்டையான தூரிகையை நிமிர்த்தித் திருப்பி இழுத்தால் கோடு ஓரிடத்தில் நாடாப்போல் அகலும், இன்னோரிடத்தில் நூலாக மெலியும். எழுத்தாணிக் கீறலுக்கு எந்த இடத்திலும் ஒரே தடிப்பு. அதனால்தானோ என்னவோ, எங்கள் எழுத்தை நாங்கள் பார்த்து ரசிக்கப் பழகவில்லை. ஏட்டில் எழுதியவரைப் பிழையில்லாமல் எழுதினாரா என்று கேட்டோம், அழகாக எழுதினாரா என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே ஏட்டின் காலம் முடிந்த விதமும் இதே வட்டாரத்துக் கதைதான். எங்கள் ஊர் சங்கர பண்டிதர் (1829–1871) தமிழும் வடமொழியும் படிப்பித்த காலத்தில், ஆறு கட்டை தள்ளி வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. ஏடும் அச்சும் ஒரே பண்டிதரின் மேசையில் இருந்திருக்கும். அடுத்த ஊரான சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, எடுத்தால் ஓரம் உதிர்கிற, அவிழ்த்தால் இதழ் ஒடிகிற ஏடுகளோடு மல்லாடி வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஓலைக்குப் பயந்து ஓடிப்போன புள்ளி, அச்சில் தைரியமாகத் திரும்பி வந்து மெய்யின் தலையில் உட்கார்ந்தது. மிஞ்சிய ஏடுகளில் கறையானுக்குத் தப்பியவற்றில் ஒரு பகுதி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தது. 1981 இல் அது எரிந்தது.

பொடியன் எழுத்தாணியைத் தானும் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று நின்றான். வேலியோரத்து வடலியில் ஓர் ஓலை வெட்டி, அவித்துக் காயவைத்து இரண்டு நாளில் கொடுத்தேன். முதல் ஓலையில் கோடு நார்வழியே வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டாவதில் அவன் கையையே நகர்த்தினான், முனை ஓலையைக் குத்திக்கொண்டு மறுபக்கம் வந்தது. மூன்றாவதில்தான் ஓலையைத் தள்ளப் படித்தான். தூரிகைப் பேனையால் அவனுடைய யப்பான் க-வுக்கு மூன்று இழுப்பு, எது முன் எது பின் என்று சட்டம், பிழைத்தால் வாத்தியார் வெட்டிவிடுவாராம். அதே க-வை ஓலையில் கீறினான். பக்கத்தில் எங்கள் க. குப்பிவிளக்குக் கரியில் மஞ்சள் குழைத்துத் தேய்த்துத் துடைத்தோம். இரண்டும் கறுப்பாக எழும்பின. யப்பான் க-வின் மூன்றாம் இழுப்பு ஒரு சிறு புள்ளிபோல வரவேண்டியது. அந்த இடத்தில் ஓட்டை.

ஒரு பாக்கி இருக்கிறது, அந்த ஹ. பழைய யப்பான் மொழியில் அந்த வரி ஹ இல்லை, ப. ப தேய்ந்து உதட்டுக் காற்றாகி, பிறகு ஹ ஆயிற்று. 16 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அவர்களிடம் ஒரு நொடி இருந்தது: தாய்க்கு இரண்டு தரம் கூடும், தகப்பனுக்கு ஒரு தரமும் கூடாது, அது என்ன? விடை, உதடு. அவர்களுக்குத் தாய் 'ஹஹா', தகப்பன் 'சிச்சி'. இன்றைய ஹஹாவுக்கு உதடு கூடாது. அந்த நொடி போட்ட காலத்தில் சொல்லின் முதலில் உதட்டொலி இருந்திருக்கவேண்டும். தமிழில் இந்த நொடி எடுபடாது, அம்மாவுக்கும் கூடும், அப்பாவுக்கும் கூடும். அட்டவணை அடுக்கிய பிக்குகள் காதால் கேட்டு ப-வின் இடத்தில் அதை வைத்தார்கள். ஒலி மாறிவிட்டது, கதிரை மாறவில்லை.

இதையெல்லாம் அவனுக்குச் சொல்லி முடிக்கச் சோதினை வந்துவிட்டது. போன சனிக்கிழமை இருட்டுப்படுகிற நேரம், அட்டவணையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தான். அ, க, ச, த, ந என்று ஓடிவந்தவன் ந-வில் நின்றுவிட்டான். அடுத்தது வரவில்லை. திரும்ப முதலிலிருந்து. திரும்பவும் ந-வில் தட்டியது.

குசினிக்குள் ஒடியல் மா அரித்துக்கொண்டிருந்த அவனுடைய பேத்தியார் அரிதட்டை ஒருக்கால் தட்டிவிட்டுச் சத்தம் போட்டார்.

"ந-வுக்குப் பிறகு ப-வடா, மொக்கு. அரிவரியும் மறந்துபோச்சோ?"